பனிமேற் போட்ட பழி

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில், அதாவது 6,200 அடிக்குச் சற்று மேலே, நுவரெலியா மாவட்டத்தில் அது நிற்கின்றது. 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை, இம்மலைமுகட்டைக் கடந்து 1893 இல் அப்புத்தளையை அடைவதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன. நிலையத்துக்கு அப்பால், ஒகியவை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு சுரங்கம் உண்டு. அதன் ஒரு வாயிலில் மூடுபனியும் தூறலுமாக இருக்க, மறுவாயிலில் வெயில் எறித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தோர் பலர். சில நூறு அடி இருளுக்கு இப்புறமும் அப்புறமும் இரு வேறு காலநிலைகள். பட்டிப்பொலவின் இருமலும் இத்தகையதே. கேட்கும் காதுக்கு எல்லா இருமலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றது. ஆயின் ஒன்றின் மறுபுறத்தில் தானே நலமடையும் எளிய நோயும், மற்றொன்றின் மறுபுறத்தில் உயிரைக் குடிக்கும் நோயும் இருத்தல் கூடும். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் எங்ஙனம் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

பட்டிப்பொலவைச் சூழ்ந்து கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு விளையும் மரக்கறித் தோட்டங்களும், அம்பேவலைப் பக்கத்துப் பால்பண்ணைகளும், சற்றுக் கீழிறங்கினால் தேயிலை மலைகளும் பரந்து கிடக்கின்றன. மார்கழி முதல் மாசி வரையுள்ள காலத்தில் சில விடியற்பொழுதுகளில் புல்லின்மேல் உறைபனி வெண்சாம்பல் தூவியதுபோலப் படிந்திருக்கும். கொழுந்து கருகும், கிழங்குச் செடி வாடும். இக்காலத்திலேயே லயங்களில் இருமற் சத்தமும் மிகுகின்றது. ஒரு காம்பராவில் தொடங்கிய இருமல் ஒரு கிழமைக்குள் அடுத்த காம்பராவுக்கும், அங்கிருந்து பிள்ளைக் காம்பராவுக்கும் சென்றுவிடுகின்றது. ஏன் இருமுகின்றீர்கள் என்று வினவினால், முதியோர் முதல் சிறுவர் வரை ஒரே விடையைத்தான் தருவர்: “பனி இருமல்.”

இச்சொல் ஒரு நோயின் பெயர் போலத் தோன்றினும், உண்மையில் அது ஒரு தீர்ப்பு. குற்றவாளி இன்னார் என்று அது அறுதியிட்டுக் கூறிவிடுகின்றது. பனியைத் தண்டிக்க யாராலும் இயலாது. ஆகவே செய்வதற்கு எதுவும் இல்லை என்னும் முடிவும் அத்தீர்ப்பிலேயே அடங்கிவிடுகின்றது. பனிமேற் போட்ட இப்பழி உண்மைக் காரணங்களை மறைக்கின்றது என்பது ஒன்று. காத்திருக்க வேண்டிய இருமலையும் காத்திருக்கக் கூடாத இருமலையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகின்றது என்பது மற்றொன்று. இரண்டாவதே பெருங்கேடு.

இனி, நோயின் இயல்பை நோக்குவோம். மூச்சுக்குழாய் மார்பினுள் இறங்கி இரு கிளைகளாகவும், பின்னர் பற்பல சிறு கிளைகளாகவும் பிரிந்து நுரையீரல் எங்கும் பரவுகின்றது. தலைகீழாய் நட்ட மரமொன்றை இதற்கு ஒப்பிடலாம். இக்கிளைகளின் உட்சுவரை மெல்லிய ஈரப்படலம் மூடியுள்ளது. அப்படலத்தின் மேலுள்ள நுண்ணிழைகள் ஓயாது அசைந்து, உள்ளே புகுந்த தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேல்நோக்கித் தள்ளுகின்றன. தடிமன் உண்டாக்கும் வைரசு இப்படலத்தைத் தாக்கும்போது அது வீங்கிச் சிவக்கின்றது, சளி பெருகுகின்றது, நுண்ணிழைகள் செயலிழக்கின்றன. அவை ஆற்றிய பணியை உடல் இருமலால் ஆற்ற முற்படுகின்றது. இந்நோய்க்குப் ‘பிரொங்கைட்டிஸ்’ என்னும் பெயரை 1808 இல் வழங்கியவர் சார்ள்ஸ் பதாம் என்னும் ஆங்கில வைத்தியர். திடீரென வந்து நீங்குவதையும், ஆண்டுக்கணக்கில் நீடிப்பதையும் அவரே வேறுபடுத்திக் காட்டினார். முன்னதை மூச்சுக்குழாய்த் திடீர் அழற்சி எனலாம். லயத்தார் பனி இருமல் என்பதிற் பெரும்பகுதி இதுவே.

இந்நோயின் போக்கு ஏறக்குறைய ஒரே ஒழுங்கிற் செல்வது. முதலில் மூக்கொழுகலும் தொண்டை அரிப்பும். பின்னர் வறண்ட இருமல். சில நாட்களிற் சளியோடு கூடிய இருமல். மார்பின் நடுவே எரிவதுபோன்ற நோவு. சிலருக்கு முதல் ஓரிரு நாட்கள் மெல்லிய காய்ச்சல். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவோர் உளர். அந்நிறம் உடலின் வெள்ளணுக்கள் போரிட்டு மடிந்ததால் வருவது. நிறத்தை மட்டும் கொண்டு பக்டீரியா புகுந்துவிட்டது என்று கொள்ள இயலாது. இந்நோய்களிற் பத்தில் ஒன்பதுக்கு மேல் வைரசினால் விளைவனவே.

எத்தனை நாள் நீடிக்கும் என்னும் வினா இங்கு முதன்மையானது. 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் முன்னைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி நோக்கியபோது, இவ்விருமல் சராசரியாக ஏறத்தாழ 18 நாட்கள் நீடிப்பதைக் கண்டனர். எத்தனை நாளில் நீங்குமென எண்ணுகின்றீர்கள் என்று பொதுமக்களை வினவியபோது கிடைத்த விடையோ ஏழு முதல் ஒன்பது நாட்கள். எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள இந்தப் பத்து நாட்களிலேதான் வீண் அச்சமும் வீண் மருந்தும் நுழைகின்றன. பத்தாம் நாளில் இருமல் தொடர்வது இயல்பே என்பதை அறியாதவர், தமக்கு வேறேதோ நேர்ந்துவிட்டதென நகரத்து மருந்துக் கடைக்கு ஓடுகின்றார்.

அப்படியாயின் பனி முற்றிலும் நிரபராதியோ? அவ்வாறும் கூறிவிட இயலாது. குளிர்ந்த காற்று அழற்சியுற்ற குழாயைச் சுருங்கச் செய்து இருமலைத் தூண்டும். அன்றியும், பட்டிப்பொலவின் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. அங்கு பிறந்து வளர்ந்தோர் அதற்குப் பழகியவரே எனினும், நுரையீரல் நோயுற்றபோது அவர்தம் கையிருப்பு சற்றுக் குறைவானதே. ஆயினும் பனி கிருமியைப் படைப்பதில்லை. கிருமி ஒருவர் மூச்சிலிருந்து மற்றவர் மூச்சுக்குத் தாவுவதற்கு வேண்டியது நெருக்கமும் அடைபட்ட காற்றுமாகும். இவ்விரண்டையும் தருவது வெளியே தவழும் மூடுபனி அன்று. அதற்கு அஞ்சி நாம் அடைத்துக்கொள்ளும் கதவு.

லயத்துக் காம்பராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி எனக் கூறுவர். அதனுள் பெற்றோரும் பிள்ளைகளும் முதியோருமாக ஐவரோ அறுவரோ உறங்குவர். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை லயங்களிற் பின்சுவரில் யன்னல் வைக்க இடமேயில்லை. அடுப்பு இஸ்தோப்பின் மூலையிலோ உட்புறத்துச் சிறு தடுப்பிலோ எரியும். மாலையில் மலையிலிருந்து நனைந்து வந்தவர் கம்பளியை உலர்த்துவதும் அதன் அருகிலேதான். கதவு அடைக்கப்படுகின்றது, ஈர விறகு புகைகின்றது, அப்புகையின் நடுவே குழந்தை உறங்குகின்றது. குளிருக்கு இதமான அந்த அடுப்படியே மூச்சுக்குழாயின் நுண்ணிழைகளை நாள்தோறும் வாட்டி, கிருமி புக வழிதிறந்து வைக்கின்றது. வீட்டினுள் எழும் அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், அவருள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

பனிமேற் பழிபோட்டவர்கள் மலையகத்தார் மட்டுமல்லர். இலண்டன் மாநகரத்தார் தலைமுறை தலைமுறையாகத் தமது மூடுபனியையே நொந்துகொண்டிருந்தனர். நீடித்த மூச்சுக்குழாய் அழற்சியை ஆங்கிலேயரின் நோயென்றே பிற நாட்டார் குறிப்பிட்ட காலமும் இருந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்நகரை அடர்ந்த மூடுபனி சூழ்ந்தது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் வழக்கத்துக்கு மேலாக இறந்தனர் என அன்று கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வாளர் அத்தொகை பன்னிரண்டாயிரம் வரை இருக்கலாம் என்கின்றனர். அவர்களைக் கொன்றது பனியன்று. வீட்டு அடுப்புகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் எழுந்து அப்பனியோடு கலந்து நின்ற நிலக்கரிப் புகையே. அவ்வுண்மை ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே 1956 ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. காரணத்தின் பெயர் மாறியபின்தான் காரியம் நடந்தது என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

மலையகத்தில் நோய்க்கும் சட்டத்துக்கும் உள்ள உறவும் பழையதே. கோப்பிக் காலத்திலே, 1872 இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது; 1912 இல் அது புதுப்பிக்கப்பட்டது. நோயுற்ற தொழிலாளியால் வேலை செய்ய இயலாது என்னும் கணக்கு அச்சட்டங்களுக்குப் பின்னே இருந்தமை வெளிப்படை. தோட்டந்தோறும் மருந்துச் சாலையும், அதில் டொக்டர் ஐயா என்று மக்கள் அழைத்த மருந்தாளரும், போத்தலில் ஊற்றித் தரும் மருந்துத் தண்ணீரும் ஏற்பட்டன. ஆயின் மருந்து வழங்கிய சட்டம் காம்பராவுக்கு யன்னல் வழங்கவில்லை. நோய் வந்தபின் அதற்கு மருந்து தேடப்பட்டதேயன்றி, அது வரும் வாயில் அடைக்கப்படவில்லை.

இந்நோய்க்குச் சிறந்த மருந்து ஓய்வு என்று எந்த வைத்திய நூலும் கூறும். ஓய்வுக்கு விலை உண்டு என்பதை அந்நூல்கள் கூறுவதில்லை. தோட்டத்தில் ஒருநாள் உழைப்புக்கு ‘ஒரு பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அது ‘அரைப் பேர்’ ஆகிவிடும். இருமலோடு மலையேறிய பெண்ணுக்குக் கை தளர்கின்றது, நிறை குறைகின்றது, பேர் பாதியாகின்றது. வீட்டில் இருந்துவிட்டாலோ பேரே இல்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கே 2021 ஆம் ஆண்டு வரை போராட நேர்ந்த மக்களிடம், மூன்று நாள் படுத்திருங்கள் என்று சொல்வது எளிதன்று. அதனாலேயே ‘பனி இருமல்’ என்னும் சொல் அவர்களுக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் அமைகின்றது. நோய் என்று ஒப்புக்கொண்டால் ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். பனி என்று சொல்லிவிட்டால் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடலாம். இதனை அறியாமை என்று மட்டும் இகழ்வது படித்தவர்க்கு அழகாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஒருநாளும் இழக்காமல் விரைவில் நலமடைய வேண்டும் என்னும் அவசரத்தில், முன்னொருகால் யாருக்கோ எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குவது அது. பக்டீரியாவைக் கொல்லும் அம்மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. இந்நோயில் அதனை உட்கொண்டவர்க்கும் உட்கொள்ளாதவர்க்கும் இருமல் நீடித்த காலத்தில் ஏறத்தாழ அரை நாளே வேறுபாடு என ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அந்த அரை நாளுக்காக வயிற்றுப்போக்கையும் ஒவ்வாமையையும் விலைகொடுத்து வாங்க நேரலாம். இரண்டு நாள் விழுங்கி, சற்றுத் தெளிந்ததும் மிகுதியைப் பெட்டியிற் போட்டு வைப்பதோ மேலும் தீது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்று நிகழ்த்திய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பதால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என எச்சரித்துச் சென்றார்.

அவ்வாறாயின் வீட்டிற் செய்யக்கூடியது யாது? மலையகத்தார் கைவசம் உள்ள முறைகளிற் பல நல்லவையே. இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணீரும், வெறுந்தேத்தண்ணீரும் தொண்டையை நனைத்துச் சளியை இளக்கும். ஒரு கரண்டி தேன் இரவு இருமலைத் தணிக்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது, அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சு அக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யவல்லது. நம்மவர் நெடுங்காலமாக இருமலுக்குக் காய்ச்சிக் குடிக்கும் ஆடாதோடை வெறும் நம்பிக்கையன்று. அச்செடியிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே புரோம்கெக்சின் என்னும் சளி இளக்கும் மருந்து செய்யப்பட்டது. வேது பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமளிக்கலாம்; ஆயின் கொதிநீர்ச் சட்டியைக் குழந்தையின் அருகில் வைப்பது சளியினும் பெரிய ஆபத்தை வரவழைப்பதாகும். காய்ச்சலுக்கும் உடம்பு நோவுக்கும் வளர்ந்தவர் பரசிற்றமோல் மாத்திரையை ஒரு வேளைக்கு இரண்டும், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேற்படாமலும் எடுக்கலாம். பீடி, சுருட்டு, சிகரெட் ஆகியவற்றை அந்த மூன்று கிழமையாவது தள்ளிவைத்தல் வேண்டும். முழங்கையால் வாயை மூடி இருமுதலும், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும் அடுத்த காம்பராவைக் காக்கும். இவற்றால் நோய் மாயமாய் மறையாது. உடல் தன்னைத் தானே செப்பனிடும் வரை துன்பம் குறையும். அவ்வளவே இயலும்; பெரும்பாலோர்க்கு அவ்வளவே போதும்.

பெரும்பாலோர்க்கு என்று கூறியவிடத்தே எஞ்சியோர் யார் என்னும் வினா எழுகின்றது. ஒரு தை மாதத்திற் பட்டிப்பொலப் பக்கத்து லயமொன்றில் நிகழ்ந்தது இதனை விளக்கும். அங்கே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி இரவெல்லாம் இருமினாள். அவள் இருமலுக்கு லயமே விழித்திருந்தது. உயர்தர வகுப்பிற் பயிலும் அவளுடைய பேத்தி, தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மூச்சை எண்ணக் கற்றிருந்தாள்.

“இது பனி இருமல் புள்ள. மாசி பொறந்தா தானாப் போயிரும்” என்றாள் கிழவி.

“போகட்டும் அம்மாயி. எத்தன நாளுன்னு மட்டும் கலண்டர்ல குறிச்சு வக்கிறேன்” என்றாள் பேத்தி.

ஒன்பதாம் நாள் அவள் பாட்டியின் மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினெட்டு. காய்ச்சல் இல்லை, பேச்சில் தடையில்லை, சோறும் இறங்கியது. பொறுத்திருக்கலாம் என்று தெரிந்தது. அதே மாலையில் அடுத்த காம்பராத் தாயொருத்தி தன் எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் அமர்ந்திருந்தாள்.

“புள்ளைக்கு என்னக்கா, சோர்ந்து கெடக்குது?”

“பெரிசா இருமல் ஒண்ணுமில்ல தங்கச்சி. ரெண்டு நாளாப் பால்தான் குடிக்க மாட்டேங்குது.”

“சட்டையக் கொஞ்சம் தூக்குங்கக்கா, மூச்ச எண்ணிப் பாப்போம்.”

எண்ணினாள்; ஐம்பத்தெட்டு. ஐயுற்று மீண்டும் ஒரு முழு நிமிடம் எண்ணினாள், அதுவே வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பகுதி உள்நோக்கிக் குழிந்தது. தாய் தயங்கினாள். மறுநாட் பேர் போய்விடும், கணவன் கொழும்பில், வீட்டில் இன்னும் இரு பிள்ளைகள். “அந்தப் புள்ளைகள நான் பாத்துக்கிறேன், நீ போடி” என்று இருமலுக்கிடையே சொன்னவள் கிழவிதான். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து அம்புலன்ஸ் வண்டியை அழைத்தனர். நியுமோனியா என்று கண்ட வைத்தியர்கள் குழந்தைக்கு ஒட்சிசன் கொடுத்து, ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினர். லயத்தையே விழிக்க வைத்த இருமல் ஆபத்தற்றது. யாரும் கேளாத அந்தச் சின்ன மூச்சே ஆபத்தானது. காதை நம்பியிருந்தால் அன்று வண்டி கிழவிக்கே வந்திருக்கும்.

குழந்தையின் மூச்சை எண்ணுவதற்கு வேண்டியது விநாடி காட்டும் ஒரு கடிகாரமும், அழாது அமைதியாயிருக்கும் குழந்தையும், ஒரு முழு நிமிடப் பொறுமையும் ஆகும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் மனத்திற் பதிப்பதற்கு எளியவை: இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் நிரம்பும் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவ்வெண்ணிக்கையை எட்டினாலோ மிஞ்சினாலோ அது விரைமூச்சு. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சு உட்குழிதல், பால் குடிக்க மறுத்தல், உதடு நீலம்பாரித்தல், எழுப்ப எழுப்ப உறங்கிக் கிடத்தல் ஆகியன எண்ணிக்கை எதுவாயினும் ஆபத்தின் அடையாளங்களே.

வளர்ந்தவர்க்கும் அடையாளங்கள் உள. அமர்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 24 க்கு மேல் மூச்சு, ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாத திணறல், மூச்சிழுக்கும்போது விலாவிற் குத்தும் நோவு, சளியில் இரத்தம், மூன்று நாளுக்கு மேல் நிற்கும் காய்ச்சல், விட்டபின் மீண்டும் வரும் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அதனை எளிய அழற்சி எனக் கொள்ளலாகாது. முதியோரிடம் காய்ச்சலே இல்லாமல் நியுமோனியா வருவதுண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறிப் பேசுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பிணிகள், நீரிழிவு, இதயநோய், தொய்வு ஆகியன உடையோர் தொடக்கத்திலேயே வைத்தியரைக் காணுதல் நன்று. மூச்சோடு விசில் போன்ற ஒலி எழுமாயின் அது தொய்வாக இருக்கலாம். அதற்குரிய மருந்து வேறு.

இனி, நாட்கணக்கு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சயரோகம் உண்டோ எனச் சளியைச் சோதித்தல் வேண்டும் என்பது நம் நாட்டு வைத்தியர் வகுத்த நெறி. எளிய அழற்சியே சராசரி 18 நாட்கள் நீடிக்கும் என்று முன்னர்க் கண்டோம். ஆகவே அச்சோதனைக்குச் செல்லும் பலர்க்குச் சயரோகம் இராது. அதனாற் சோதனை வீண் என்றாகிவிடாது. சயரோகக் கிருமியைக் கண்டறிந்ததை ரொபேட் கொக் 1882 மார்ச் 24 ஆம் திகதி அறிவித்தார். ஆறு மாத மருந்தால் முற்றாகக் குணமாக்கத்தக்க அந்நோய் இன்றும் மறைந்து வாழ்வது, அடைபட்ட அறைகளிலும் எண்ணப்படாத இருமல்களிலுமே. மேற்கூறிய மூதாட்டியைப் பதினைந்தாம் நாள் அவள் மகள் ஒரு பேரை இழந்து அழைத்துச் சென்றாள். சளியிற் கிருமி இல்லை. இருபத்துநாலாம் நாள் இருமல் நின்றது. ஒருநாட் கூலி வீணாயிற்று என்று அம்மகள் சொல்லவில்லை. அதே காம்பராவில் உறங்கும் தன் பிள்ளைகளுக்காக அந்நாளைக் கொடுத்ததாகவே அவள் எண்ணினாள். எனினும், ஒரு தாய் இத்தகைய விலை கொடுத்துத்தான் ஐயம் தீர வேண்டும் என்னும் நிலை நியாயமானதோ என்பது தோட்டங்களை நடத்துவோரும் நாட்டை நடத்துவோரும் விடையிறுக்க வேண்டிய வினாவாகும்.

பெரும் மாற்றங்கள் பெரியோர் கையில் உள்ளன. தனி வீடுகள், காற்றோட்டமுள்ள சமையலறை, நோயுற்ற நாளுக்குக் கூலி ஆகியவை கட்டுரைகளால் மட்டும் வந்துவிடா. சிறு மாற்றங்களோ இன்றே இயலுவன. விறகை ஒரு கிழமை முன்னரே அடுப்பின்மேற் பரணில் உலர்த்தினாற் புகை குறையும். 1980 களிலிருந்து இந்நாட்டிற் பரவிய ‘அநகி’ என்னும் இருவாய்க் களிமண் அடுப்பு விறகைச் சிக்கனப்படுத்தும். அதற்கு மேலே கூரையிற் புகைபோக்கி ஒன்று அமைந்தால் நன்மை இரட்டிக்கும். அடுப்பு எரியும் வேளையில் மட்டுமாவது கதவைத் திறந்து வைக்கலாம். கைக்குழந்தையை வேறொருவர் காம்பராவில் உறங்கவிடலாம். பனி உள்ளே வருமே என்று அஞ்ச வேண்டியதில்லை. பனியைக் கம்பளி தடுக்கும், புகையைத் தடுக்கும் கம்பளி எங்கும் நெய்யப்படவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கு மலையகத்திலிருந்து ஆண்டுதோறும் மாணவர் வருகின்றனர். விடுமுறைகளில் லயங்களுக்குத் திரும்புகின்றனர். அவர்கள் அங்கு கொண்டுசெல்லக் கூடியவற்றுள் மிக எளியது ஒரு பழக்கம். கொழுந்தின் நிறையை நாள்தோறும் எண்ணும் மக்களிடம், இருமலின் நாளையும் குழந்தையின் மூச்சையும் எண்ணும் பழக்கத்தை ஏற்படுத்துவது அத்துணைக் கடினமன்று. பனி இருமல் என்று யாரேனும் கூறும்போது மறுத்துரைக்க வேண்டியதில்லை. எத்தனை நாளாயிற்று, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். விடை சிறிய எண்ணாயின் கொத்தமல்லித் தண்ணீரும் பொறுமையும் மருந்தாகும். பெரிய எண்ணாயின், அன்றைய பேர் போனாலும் போகட்டும் என்று புறப்பட வேண்டும்.